தாயைக் காட்டச் சொல்லுங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே வடசென்னையின் செல்லப்பிராணிச் சந்தையில் கால் வைக்க இடமில்லை. லவ் பேர்ட்ஸ் கூண்டுகள், பாலிதீன் பைகளில் ஃபைட்டர் மீன்கள், காதைப் பிடித்துத் தூக்கிக் காட்டப்படும் முயல்கள், கையில் புறாவை வைத்துக்கொண்டு பேரம் பேசும் இளைஞர்கள். 1985இல் எரிந்துபோகும் வரை மூர் மார்க்கெட்டிலும் இந்த வியாபாரம் நடந்தது. இன்று அது தெருவோரத்தில் நடக்கிறது. நாய்க்குட்டிகளுக்குச் சந்தையின் கடைக்கோடி. ஆப்பிள் வந்த அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் கூடை, ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடம் என்று எங்கு பார்த்தாலும் குட்டிகள்.

என்னோடு வந்தவர் கால்நடை மருத்துவரான நண்பர். "இங்க என்னை டாக்டர்னு கூப்பிட்டுடாதீங்க. அண்ணன்னு சொல்லுங்க" என்று ஆட்டோவிலேயே எச்சரித்திருந்தார்.

ஒரு பெட்டிக்கு முன்னால் நின்றோம். ஆறு லேப்ரடார் குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. "லேப் குட்டிக்கா, ஒரிஜினல். பேப்பர் இல்லாம எட்டாயிரம், பேப்பரோட பதினஞ்சு. ஆணா, பொட்டையா?" என்றார் விற்பவர். வயது கேட்டேன். "ரெண்டு மாசம் முடிஞ்சிடுச்சு."

நண்பர் ஒரு குட்டியை எடுத்து, கொஞ்சுவதுபோல் வாயைத் திறந்து பார்த்தார். முன்பற்கள் அப்போதுதான் ஈறைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தன. கடைவாயில் ஒன்றுமே இல்லை. எட்டு வாரக் குட்டிக்குப் பால்பற்கள் ஏறக்குறைய எல்லாமே முளைத்திருக்க வேண்டும். "நாலு வாரம், மிஞ்சினா அஞ்சு" என்று என் காதருகே சொன்னார். குட்டியின் வயிறு உப்பியிருந்தது. பார்ப்பவருக்குக் கொழுகொழுவென்று தெரியும். அது குடற்புழு. கண்ணோரத்தில் பீளை காய்ந்து ஒட்டியிருந்தது. கீழே விட்டதும் அது ஓடவில்லை, விளையாடவில்லை. கிடந்த இடத்திலேயே மறுபடி சுருண்டுகொண்டது.

தடுப்பூசி அட்டை கேட்டோம். உடனே வந்தது. தேதி எழுதியிருந்தது, மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் இல்லை, மருத்துவரின் பதிவு எண்ணும் இல்லை. ஊசி போட்டால் குப்பியில் உள்ள லேபிளைப் பிரித்து அட்டையில் ஒட்டிக் கையெழுத்திடுவது வழக்கம். வெறும் தேதியை யாரும் எழுதலாம்.

"தாய் எங்கண்ணே இருக்கு?" என்று கேட்டேன்.

அவர் முகம் சட்டென்று மாறியது. "தாயெல்லாம் இங்க எதுக்குக்கா? வீட்ல இருக்கு. குட்டி பிடிச்சிருக்கா இல்லையா, அத சொல்லுங்க."

வரிசையில் மற்றவர்களிடமும் இதையே கேட்டுப் பார்த்தேன். தாய் ஆந்திராவில் இருந்தது, பெங்களூரில் இருந்தது, மச்சான் வீட்டில் இருந்தது. ஒருவர் செல்பேசியில் ஒரு படம் காட்டினார்: பச்சைப் புல்வெளியில், கழுத்தில் பதக்கத்தோடு ஒரு லேப்ரடார். இணையத்திலிருந்து இறக்கியது என்று பார்த்தாலே தெரிந்தது. பக்கத்துக் கூடைக்காரரும் அதே படத்தைத்தான் வைத்திருந்தார்.

பெட்ரோல் பங்க்கில் நில்லுங்க

சந்தை இந்த வியாபாரத்தின் வாசல்தான். இன்று பெரும்பகுதி செல்பேசியிலேயே நடக்கிறது. ஃபேஸ்புக் தன் தளத்தில் தனியார் விலங்குகளை விற்பதை அனுமதிப்பதில்லை. அதனால் விலை போடமாட்டார்கள். 'புது வீடு தேடுகிறது, விவரத்துக்கு இன்பாக்ஸ்' என்று போடுவார்கள். அப்படி ஒரு விளம்பரத்தில் இருந்த எண்ணை அழைத்தோம். ஷிட்சு இருக்கிறது, பக் இருக்கிறது, ஹஸ்கிகூட இருக்கிறது என்றார் எதிர்முனையில் இருந்தவர்.

"நேர்ல வந்து பாக்கலாமா?"

"அவ்ளோ தூரம் ஏன் மேடம் வரீங்க? ரெட் ஹில்ஸ் பக்கம் பெட்ரோல் பங்க்ல நில்லுங்க, நானே கொண்டாந்து குடுத்துடுறேன். டெலிவரி ஃப்ரீ."

இந்தத் தொழிலில் இலவச டெலிவரி தாராளத்தால் வருவதில்லை. பிறந்த இடத்தை வாங்குபவர் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக வருவது. "ரெண்டு குட்டி வேணும், தாயைப் பாக்காம எடுக்கமாட்டோம்" என்று நண்பர் பிடியாக நின்றார். இரண்டு குட்டி என்ற சொல்தான் கேட்டைத் திறந்தது.

செங்குன்றம் தாண்டி, பிரதான சாலையிலிருந்து விலகி, பாதி வீடுகள் எழும்பிய ஒரு மனைப்பிரிவு. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண வீடு. பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட கொட்டகை. உள்ளே போகும் முன்பே கண் எரிந்தது. நாள்கணக்கில் கழுவாமல் தேங்கிய சிறுநீரின் நெடி அது. இரும்புக் கூண்டுகள் இரண்டு அடுக்காக நின்றன. கீழே கம்பிவலை, கழிவு விழுந்துவிடட்டும் என்று வைத்தது. மேல் அடுக்கின் கழிவு கீழ் அடுக்கில் இருந்த நாயின் முதுகில்தான் விழுந்துகொண்டிருந்தது.

நாங்கள் நுழைந்ததும் எல்லா நாய்களும் குரைத்தன. இரண்டு நாய்கள் வாயை மட்டும் திறந்து திறந்து மூடின, காற்றுதான் வந்தது. அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவதால் குரல்நாணை வெட்டிவிட்டிருக்கிறார்கள்.

ஷிட்சுவுக்கு நாளும் சீப்புப் போட வேண்டிய முடி. இங்கே அது சடைபிடித்துப் பாளம் பாளமாகத் தொங்கியது. கூண்டுக் கம்பியைக் கடித்துக் கடித்து முன்பற்கள் தேய்ந்திருந்தன. எங்களுக்குக் காட்டிய லேப்ரடார் தாய் மூலையில் படுத்திருந்தது. மடி தரை தொடத் தொங்கியது, முலைக்காம்புகளில் கீறல்கள். நடந்தால்தான் நாயின் நகம் தேயும். இதன் நகங்கள் வளைந்து பாதத்தின் சதையைத் தொட்டுக்கொண்டிருந்தன. கூண்டைத் திறந்துவிட்டபோதும் அது வெளியே வரவில்லை. வெளியே வருவது என்றால் என்னவென்று அதற்குப் பழக்கமில்லை.

"இது எத்தனையாவது ஈத்து?" என்று நண்பர் கேட்டார்.

"ஆறோ ஏழோ சார். ஒவ்வொரு ஹீட்டுக்கும் கிராஸ் போட்டுடுவோம். வருஷத்துக்கு ரெண்டு. சும்மா உக்கார வச்சு சோறு போட முடியுமா?"

"வயசானதும்?"

"யாராச்சும் கேட்டா குடுத்துடுவோம்" என்றவர் பேச்சை ஹஸ்கி பக்கம் திருப்பினார். ஹஸ்கிக்கு முன்னால் ஒரு டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. சைபீரியப் பனியில் வண்டி இழுக்க உருவான நாய். இரட்டை அடுக்கு ரோமத்தோடு ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் அடியில் நாக்கைத் தொங்கப் போட்டு இளைத்துக்கொண்டிருந்தது.

திரும்பி வரும் வழியில் நண்பர் கணக்குப் போட்டுக் காட்டினார். லேப்ரடார் ஓர் ஈத்தில் ஆறு, எட்டு குட்டிகள் போடும். எட்டுக் குட்டி, குட்டிக்கு எட்டாயிரம் என்றால் அறுபத்து நாலாயிரம். வருடத்துக்கு இரண்டு ஈத்து என்றால் ஒரு தாயிடமிருந்து லட்சத்துக்கும் மேல். அந்தத் தாய்க்கு மருந்து, நல்ல தீனி, ஓய்வு, நடை என்று செலவழித்தால் லாபம் குறையும். செலவழிக்காவிட்டால் வாங்குபவருக்குத் தெரியப்போவதில்லை, ஏனென்றால் அவர் பார்க்கப்போவது குட்டியை மட்டும்தான். சின்னதாக இருக்கும்போதே குட்டி அழகு. ஐந்தாம் வாரத்திலேயே தள்ளிவிட்டால் தீனிச் செலவும் ஊசிச் செலவும் மிச்சம். கொட்டகையில் பார்த்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

சட்டம் இருக்கிறது

இவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே குற்றம். நாய் இனப்பெருக்கமும் விற்பனையும் தொடர்பான மத்திய விதிகள் 2017இல் வந்தன. இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பெட்டை நாய்க்குப் பதினெட்டு மாதம் ஆகும் முன் இணைசேர்க்கக் கூடாது; எட்டு வயதுக்குப் பிறகும் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது. எட்டு வாரம் முடியாத குட்டியை விற்கக் கூடாது. குட்டிக்கு மைக்ரோசிப் பொருத்தியிருக்க வேண்டும். விற்பனைக் கடைகளும் பதிவு பெற வேண்டும் என்று 2018இல் தனி விதிகள் வந்தன. தமிழ்நாடு அரசு 2024இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, ஹஸ்கி, பக், செயின்ட் பெர்னார்டு உள்ளிட்ட வெளிநாட்டு இனங்கள் நம் வெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று பட்டியலிட்டது.

இவற்றுக்கெல்லாம் தாய்ச்சட்டம் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். அதற்கு வித்திட்டவர் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் பின்னர் அரசின் சட்டமாக உருவெடுத்தது. அதன்படி அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவர். அது பல்லாண்டுகள் சென்னையிலிருந்துதான் இயங்கியது. இவ்வளவு பெருமை இருந்தும் அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரைதான். குட்டி ஒன்றை எட்டாயிரத்துக்கு விற்பவருக்கு ஐம்பது ரூபாய் ஒரு செலவே இல்லை. சட்டத்தை நம்பி மட்டும் உட்கார முடியாது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வாங்கியவரும் ஏமாந்தவரே

அன்று மாலை நண்பரின் கிளினிக்கில் ஒரு குடும்பம் காத்திருந்தது. மகளின் பிறந்தநாளுக்கு வாங்கிய குட்டி. வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வாந்தி, ரத்தமாகப் பேதி. பார்வோ. முன்னங்காலில் சலைன் ஊசியை ஒட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். பத்து வயதுப் பெண் அதன் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"வாங்கும்போது நல்லாத்தான் சார் இருந்துச்சு" என்றார் தகப்பனார்.

இருந்திருக்கும். பார்வோ வைரஸ் உடம்பில் புகுந்து வெளியே தெரிய மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வரை ஆகும். கொட்டகையில் தொற்றிய நோய் வாங்கியவர் வீட்டில்தான் வெளிப்படும். அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் பிழைத்துக் கிடக்கும். ஒருமுறை பார்வோ வந்துபோன கொட்டகையில் அடுத்தடுத்த ஈத்துகளுக்கும் அது காத்திருக்கிறது. விற்றவரின் எண் ஸ்விட்ச் ஆஃப். குட்டியின் விலையைவிட மருத்துவச் செலவு அதிகமாகிவிட்டிருந்தது.

இனம் பார்த்து ஓடும் மோகத்துக்கும் இதில் பங்குண்டு. 2003இல் ஹட்ச் செல்பேசி விளம்பரத்தில் சிறுவன் பின்னாலேயே ஓடிய பக்கை நம் ஊரில் 'ஹட்ச் நாய்' என்றே கேட்டு வாங்கினார்கள். முகம் தட்டையாக இருக்க வேண்டும் என்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து உருவாக்கியதால், பக்கின் மூக்குத்துளை குறுகி, மூச்சுவிடுவதே அதற்கு வேலையாகிவிட்டது. சித்திரை வெயிலில் அது குறட்டைபோல் விடும் மூச்சை வேடிக்கை என்று காணொளி எடுப்பவர்கள் உண்டு. அது மூச்சுத்திணறல்.

நாட்டு இனம் என்றதும் பாவம் கழிந்துவிடாது. 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர்கள் ஒலித்தன. பெருமைதான். ஆனால் இளஞ்சிவப்பு மூக்கும் தூய வெள்ளை நிறமும் வேண்டும் என்று நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்த்ததில் ராஜபாளையம் குட்டிகளில் பிறவிச் செவிடு ஒரு பழைய பிரச்சினை. குட்டியின் முதுகுப்பக்கம் நின்று கைதட்டிப் பார்க்காமல் ராஜபாளையம் வாங்காதீர்கள் என்பார் நண்பர். '777 சார்லி' படத்தில் வரும் லேப்ரடாரின் கதையும் இப்படிப்பட்ட இனப்பெருக்கக்காரரின் கூண்டிலிருந்துதான் தொடங்குகிறது. 2022இல் வந்த அந்தப் படத்தைப் பார்த்துக் கண்கலங்கியவர்களில் எத்தனை பேர் மறுநாள் லேப்ரடார் விலை விசாரித்தார்கள் என்பது வேறு விஷயம்.

நாம் என்ன செய்யலாம்

சந்தையில் சுருண்டு கிடந்த அந்தக் குட்டியை எட்டாயிரம் கொடுத்துத் தூக்கி வந்துவிடலாமா என்று எனக்கும் தோன்றியது. நண்பர் கையைப் பிடித்து நிறுத்தினார். "நீங்க காப்பாத்துறது ஒரு குட்டியை. அந்தக் காசு அந்தத் தாயை இன்னொரு முறை சினையாக்கும்." இரக்கப்பட்டு வாங்குவதும் வியாபாரிக்கு விற்பனைதான். நோய்ப்பட்ட குட்டியைப் பார்த்தால் வாங்க வேண்டாம், புகார் கொடுங்கள்.

குட்டி வாங்குவதென்று முடிவு செய்துவிட்டவர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: தாயைக் காட்டுங்கள். படத்தில் அல்ல, காணொளியில் அல்ல. அது வாழும் இடத்தில், குட்டிகளோடு. இங்கிலாந்து இதையே சட்டமாக்கியிருக்கிறது. வேல்ஸில் ஒரு குட்டிப் பண்ணையில் ஈன்று ஈன்று ஓய்ந்து, 2013இல் மீட்கப்பட்ட லூசி என்ற ஸ்பானியல் நாயின் பெயரால் 'லூசி சட்டம்' 2020 ஏப்ரல் 6 முதல் அங்கே நடைமுறையில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியை இடைத்தரகர் விற்க முடியாது; பிறந்த இடத்தில், தாயோடு காட்டித்தான் வளர்த்தவர் விற்க வேண்டும். நம் ஊரில் அப்படியொரு சட்டம் வரும்வரை வாங்குபவரே அதைச் சட்டமாக வைத்துக்கொள்ளலாம். தாய் மெலிந்திருக்கிறதா, மனிதரைக் கண்டு நடுங்குகிறதா என்று பாருங்கள். பதிவுச் சான்றைக் கேளுங்கள். மைக்ரோசிப் எண்ணைக் கேளுங்கள். கென்னல் கிளப் பேப்பர் வம்சாவளியைத்தான் சொல்லும்; தாய் எப்படி வாழ்கிறது என்பதைச் சொல்லாது. நல்ல வளர்ப்பாளர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார். மாறாக, உங்கள் வீட்டில் இடம் இருக்கிறதா, பகலில் யார் இருப்பார்கள் என்று உங்களைத் திருப்பிக் கேட்பார். காசு கொடுத்தால் யாருக்கும் கொடுப்பேன் என்பவரிடமிருந்து நகர்ந்துவிடுங்கள்.

இரண்டாவது, நம் வீட்டு நாய். 'பெட்டைக்கு ஒரு ஈத்தாவது ஆகட்டும், அப்பத்தான் உடம்புக்கு நல்லது' என்பது வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அதற்கு மருத்துவ அடிப்படை கிடையாது. குடும்பக்கட்டுப்பாடு செய்யாத பெட்டைக்கு வயதான பிறகு கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்துதான் உண்டு. ஆண் நாயைக் கிராஸுக்குக் கேட்டு வருபவரிடம் ஒரு குட்டிக்கு ஆசைப்பட்டு அனுப்பாதீர்கள். கொட்டகைக்காரர்கள் பலரும் இப்படி ஒரு வீட்டு ஈத்திலிருந்தே தொடங்கியவர்கள்.

மூன்றாவது, தத்து. புளூ கிராஸ் முதல் சிறு தன்னார்வக் குழுக்கள் வரை காப்பகங்களில் தெருக்குட்டிகள் மட்டும் இல்லை. காசு கொடுத்து வாங்கி, அலுத்தோ வீடு மாறியோ கைவிட்ட லேப்ரடாரும் பக்கும் இருக்கின்றன. ஈன்று ஓய்ந்து நெடுஞ்சாலையில் இறக்கிவிடப்பட்ட தாய்களும் அங்கே வந்து சேர்கின்றன. நம் வெயிலுக்கும் மழைக்கும் பழகிய தெருநாய்க்கு ஏசியும் வேண்டாம், இறக்குமதித் தீனியும் வேண்டாம்.

நான்காவது, புகார். கொட்டகையைப் பார்த்தால் அங்கேயே சண்டை போடாதீர்கள். மறுநாளே நாய்கள் இடம் மாறிவிடும். கூண்டு, தாய், குட்டி, வெளிவாசல் ஆகியவற்றின் படங்கள், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பேசிய எண், பணம் கட்டியிருந்தால் அதன் ரசீது இவற்றைச் சேர்த்துவையுங்கள். மாநில விலங்குகள் நல வாரியத்துக்கும், ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்துக்கும், கால்நடை பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநருக்கும் எழுத்தில் கொடுங்கள். நாயைக் காயப்படுத்தியதற்கோ ஊனமாக்கியதற்கோ ஆதாரம் இருந்தால் காவல் நிலையத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஐம்பது ரூபாயோடு முடிகிற வழக்கு அல்ல அது. தளத்தில் வரும் விளம்பரத்தைப் பார்த்ததும் 'ரிப்போர்ட்' அழுத்துங்கள். நாங்களும் அந்தக் கொட்டகையைப் பற்றி எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

உங்கள் தெருவில், உங்கள் அலுவலகத்தில் யாரோ ஒருவர் இந்த மாதம் குட்டி வாங்கப் போகிறார். அவர் முன்பணம் அனுப்பும் முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: தாயைப் பார்த்தாயா? பார்க்கவில்லை என்றால் வாங்காதே.